கட்டைவிரல் வாங்கிய வீடு

அந்த ஆஸ்பத்திரியில் சட்டத்தை மீன்தொட்டிக்குப் பின்னால் வைத்திருந்தார்கள்.

வைக்கவே இல்லை என்று யாரும் குறை சொல்லிவிட முடியாது. நோயாளர் உரிமைச் சட்டத்தின் சுருக்கத்தை இத்தனை அடி உயரம், இத்தனை அடி அகலத்தில் பலகையாக்கி நுழைவுக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்பது மாநில அரசின் உத்தரவு. உயரம் சரி, அகலம் சரி, கூடமும் சரி. மாட்டின கையோடு அதற்கு முன்னால் ஆறடி நீளத் தொட்டியைக் கொண்டுவந்து வைத்து இருபது மீன்களை விட்டது நோயாளிகளின் மன அமைதிக்காக. தொட்டிக்கு எதிரே பணம் கட்டும் கவுண்டர். பில்லைப் பார்த்து நெஞ்சு அடைத்துப்போனவர்கள் அப்படியே திரும்பினால் மீனைப் பார்க்கலாம். யோசித்துச் செய்த ஏற்பாடுதான்.

செக்கரக்கா அந்தக் கூடத்துக்கு வந்த நாலாவது நாள்தான் மீன்களுக்குப் பின்னால் எழுத்து இருப்பதைக் கண்டாள்.

செக்கரக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. சட்டைக் கம்பெனியில் கடைசி மேசையில் குறை பார்க்கிற செக்கர் அவள். தைத்து முடித்த சட்டை பெட்டிக்குள் போகும் முன் அவள் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். எந்தச் சட்டையையும் முதலில் உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிவிடுவாள். வெளிப்பக்கம் எல்லாச் சட்டையும் யோக்கியமாகத்தான் இருக்கும் என்பது அவள் அனுபவம். குறை இருந்தால் சத்தம் போட மாட்டாள், தைத்தவளைக் கூப்பிட்டுத் திட்ட மாட்டாள். அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள், அவ்வளவுதான். ஒரு கட்டுச் சட்டையில் ஐந்து அம்புக்கு மேல் விழுந்தால் மொத்தக் கட்டும் தைத்தவர்களிடமே திரும்பிப் போகும். பதினேழு வருஷமாக இதே வேலை. அம்பு ஸ்டிக்கர் அவள் கைப்பையில் எப்போதும் இருக்கும், மற்றவர்கள் பையில் சீப்பு இருப்பதுபோல.

அவளுடைய வீட்டுக்காரர் பாத்திரக் கம்பெனியில் ஸ்டோர் பார்ப்பவர். முன்பு அதே கம்பெனியில் பிரஸ் ஓட்டினார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், தட்டு அடிக்கிற பிரஸ் தட்டோடு சேர்த்து அவருடைய இடது கட்டைவிரலையும் அடித்துவிட்டது. தகவல் கேட்டு ஓடின செக்கரக்கா விரலை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு டாக்டரிடம் போனாள். ஒட்டவைக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கம்பெனி கொடுத்த நஷ்ட ஈட்டில் வாங்கியதுதான் அவர்கள் இருக்கும் ஒன்றரை அறை வீடு. அந்தத் தொகை இரண்டு மடங்காக வந்திருக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. என்ன செய்வது, காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு தாளையும் படிக்கவில்லை.

அவர் அதைச் சிரிப்பாக்கிவிட்டார். யார் வந்தாலும், "வாங்க வாங்க, இது என் கட்டைவிரல் வாங்கின வீடு, பாத்து உக்காருங்க" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். செக்கரக்கா ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. படிக்காமல் விட்ட அந்தத் தாள்கள் மேல் அவளுக்கு இருந்த கோபம் பத்தொன்பது வருஷமாக ஆறவில்லை.

இப்போது அவருக்கு வந்தது குடல்வால் வலி. சனிக்கிழமை சேர்த்தார்கள், ஞாயிற்றுக்கிழமை ஆபரேஷன். செவ்வாய்க்கிழமை காலையில் டாக்டர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்து, "வீட்டுக்குப் போகலாம்" என்றார். பதினோரு மணிக்குப் பில் வந்து, போக முடியாது என்றது.

எல்லாம் சேர்த்துத் தொண்ணூறாயிரம் என்று பேசி, அதை முன்பணமாகவே வாங்கியிருந்தார்கள். பில்லில் மூன்றே வரிகள். சிகிச்சைச் செலவு மூன்று லட்சத்து அறுபத்திரண்டாயிரம். செலுத்தியது தொண்ணூறாயிரம். பாக்கி இரண்டு லட்சத்து எழுபத்திரண்டாயிரம். அடியில், நன்றி, மீண்டும் வருக.

பில்லிங் மேனேஜர் கழுத்தில் நீல டையும் முகத்தில் நிரந்தரச் சிரிப்பும் கட்டினவர். அவரிடம் போய் நின்றாள்.

"தொண்ணூறுன்னுதானே சார் சொன்னீங்க?"

"அது மதிப்பீடு மேடம். இது பில்."

"எப்படி மூணு லட்சம் வரும்?"

"சிஸ்டத்துல அப்படித்தான் வருது மேடம்."

"பணம் கட்டற வரைக்கும்?"

"சார் இங்கயே ரெஸ்ட் எடுக்கட்டும். ரூம் வாடகை தனியா வரும்" என்றார் மேனேஜர். அன்பாகத்தான் சொன்னார்.

அடுத்த அரை மணியில் கொழுந்தன் வந்து சேர்ந்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன். அண்ணன் மேல் உயிர். ஆனால் எதிரில் ஒருவன் குரலை உயர்த்தினால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி மன்னிப்புக் கேட்கிற ரகம். வரும்போதே ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். வீட்டுச் சாவி அவனிடம் ஒன்று உண்டு. செக்கரக்கா பையைப் பார்த்தாள்.

"அண்ணி, கோவப்படாதீங்க. வீட்டுப் பத்திரத்த எடுத்துட்டு வந்துட்டேன்."

"எதுக்கு?"

"எனக்குத் தெரிஞ்ச வட்டிக்காரர் ஒருத்தர். வியாழக்கிழமை நாலு மணிக்குள்ள கொடுத்தா மொத்தப் பணமும் கையில வச்சிடுவாரு. பெரிய இடத்துல மோதக்கூடாது அண்ணி. கட்டிட்டுக் கூட்டிட்டுப் போயிடலாம். மாசாமாசம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

"யார் அட்ஜஸ்ட் பண்றது?"

"நாமதான்."

"அவங்க எப்ப அட்ஜஸ்ட் பண்ணுவாங்க?"

கொழுந்தன் மீன்களைப் பார்த்தான்.

செக்கரக்கா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஸ்டோர் சம்பளத்தையும் செக்கர் சம்பளத்தையும் சேர்த்துப் போட்டாலும் அது வட்டிக்கே சரியாகப் போகும். அசல் அப்படியே நிற்கும். இரண்டு வருஷம், மிஞ்சினால் மூன்று, வீடு போய்விடும். விரலும் போய், விரலுக்கு வந்த வீடும் போய், அவர் இனி யார் வந்தாலும் என்ன சொல்லி உட்காரவைப்பார்? அவளுக்கு அழுகை வந்தது. அழுவதை யாரும் பார்க்கக் கூடாது என்று தொட்டிப் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் ஒரு தடித்த ஆரஞ்சு மீன் நகர்ந்து, அதன் வாலுக்குப் பின்னால் "நோயாளியைப் பிடித்துவைக்கக் கூ" என்பது வரை தெரிந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே போனாள். மீன் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது. கண்ணாடியைத் தட்டினாள்.

"மீனைத் தொந்தரவு பண்ணக்கூடாது மேடம்" என்றார் செக்யூரிட்டி.

"நான் மீனைப் பாக்கல. பின்னாடி சட்டம் இருக்கு, அதைப் படிக்கறேன்."

"அதுக்கெல்லாம் இங்க அனுமதி இல்ல மேடம். மீன் வேணா பாருங்க."

மீன் பார்க்கிறவள்போல் முக்கால் மணி நேரம் நின்று, ஒவ்வொரு மீனும் வழிவிட வழிவிட, பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். மூன்றாவது விதி: எழுதிக் கேட்டால் இருபத்துநாலு மணி நேரத்தில் வரி வரியாகப் பிரித்த பில் தர வேண்டும். ஆறாவது: ஒவ்வொரு சிகிச்சைக்கும் நோயாளியின் ஒப்புதலைத் தனித்தனியாக எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் செலவை வசூலிக்கக் கூடாது. எட்டாவது: தகராறில் இருக்கும் தொகைக்காக நோயாளியைப் பிடித்துவைக்கக் கூடாது. ஒன்பதாவது: புகாருக்கு மாவட்ட விசாரணை அதிகாரி, தொலைபேசி எண் இது. எண்ணின் கடைசி இலக்கம் காற்றுக்குமிழிக்குள் மாட்டி மூன்றா எட்டா என்று தெரியவில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கவுண்டரில் ஒரு வெள்ளைத்தாள் கேட்டாள். தாளுக்குப் பணம் கேட்பார்களோ என்று ஒரு நொடி பயந்தாள். கேட்கவில்லை. பில்லில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள்.

புதன்கிழமை காலை, எழுதிக் கேட்டபடி வரி வரியாகப் பிரித்த பில் வந்தது. பதினாலு பக்கம், பொடி எழுத்து. முழுதாகப் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது என்ற நம்பிக்கையில் அச்சடித்தது. அவர்கள் கெட்ட நேரம், எதிரில் இருந்தவள் ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டைக்குத் தையல் எண்ணுகிறவள். கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினாள்.

கையுறை நூற்றுப் பன்னிரண்டு ஜோடி. தெர்மாமீட்டர் ஏழு. தொலைக்காட்சிக் கட்டணம் மூன்று நாள். அறையில் தொலைக்காட்சி மாட்ட வேண்டிய இடத்தில் நாலு ஆணி மட்டும் இருந்தது. உணவு ஆலோசகர் வருகை ஒன்பது முறை. அதில் ஆறு முறை, அவருக்கு வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்காத நாளில். குடும்பத்தாருக்கு ஆறுதல் கூறியது இரண்டு முறை. இதைப் படித்ததும் செக்கரக்கா தலையைத் தூக்கி யோசித்தாள். யார் எப்போது ஆறுதல் சொன்னார்கள்? ஆபரேஷன் அன்றைக்கு லிஃப்டில் ஒரு பெண், "ஒண்ணும் ஆகாது, கவலைப்படாதீங்க" என்றாள். அது ஒன்று. இன்னொன்று கணக்கில் வரவேயில்லை. அம்பை ஒட்டினாள்.

பில்லின் நடுவில், ஏழாவது பக்கத்தில், மற்ற வரிகளுக்கு நடுவே சாதுவாக உட்கார்ந்திருந்தது பெரிய ஆள். "இறக்குமதி செய்யப்பட்ட சிறப்பு வலை, குடலிறக்கம் தடுக்க. வலை வைத்த இரண்டாம் அறுவை நிபுணர். அதற்கான கூடுதல் அரங்க நேரம்." மூன்றும் சேர்ந்து இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.

மாடியேறி வீட்டுக்காரரிடம் போனாள். அவர் கட்டிலில் சாய்ந்து, நாலு ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, வயித்துக்குள்ள வலை வைக்கறோம்னு யாராவது உங்ககிட்ட சொன்னாங்களா?"

"வலையா? மீன் புடிக்கவா?"

"விளையாடாதீங்க. தாள் எதாவது நீட்டினாங்களா?"

"சேர்ந்த அன்னைக்கு ஒண்ணு நீட்டினாங்க. குடல்வால் எடுக்கறதுக்குன்னு போட்டிருந்துது. கையெழுத்துப் போட்டேன். நீ சொல்லிக்கொடுத்த மாதிரி முழுசா படிச்சிட்டுத்தான் போட்டேன். அப்புறம் வலது கையில டிரிப் ஏத்திட்டாங்க. இந்தக் கையில நரம்பே கிடைக்கலையாம்." இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். புது ஆட்கள் நடமாடும் இடத்தில் அவர் எப்போதும் அப்படித்தான். பிறகு மெதுவாக, "விட்டுடு. வீடு போனா போகுது. வாடகை வீட்டுல எல்லாம் மனுஷங்க இல்லையா?" என்றார்.

வந்த கோபத்தில் செக்கரக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கும் இதேதான் சொன்னீங்க. விரல் போனா போகுதுன்னு. போனது போதும்."

மேனேஜர் அறைக்குப் போய்ப் பதினாலு பக்கத்தையும் மேசையில் பரப்பினாள்.

"என்ன மேடம் இது, தாள் பூரா சிவப்பா?"

"குறை சார். எங்க கம்பெனியில ஒரு கட்டுல அஞ்சு அம்புக்கு மேல விழுந்தா மொத்தக் கட்டும் திரும்பிப் போயிடும். இதுல நாப்பத்தொண்ணு."

மேனேஜர் அம்புகளை எண்ணிப் பார்த்தார். சிரிப்பைக் கழற்றாமலே ஒரு பேனாவை எடுத்து, கையுறையை அடித்தார், தெர்மாமீட்டரை அடித்தார், ஆறுதலில் ஒன்றை அடித்துவிட்டு மற்றதையும் யோசித்து அடித்தார். "மனிதாபிமான அடிப்படையில ஐம்பத்தோராயிரம் குறைக்கறோம் மேடம். உங்களுக்காக." திருடினதைத் திருப்பிக் கொடுக்கிறவன் முகத்தில் இத்தனை பெருந்தன்மை இருக்க முடியும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"சரி சார். இந்த வலை?"

"அது டாக்டர் முடிவு. உள்ள திறந்து பாத்தப்ப பலவீனமா இருந்துது. உடனே வச்சாங்க. உயிர் விஷயம் மேடம்."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேக்காம செய்வோமா?"

"எழுத்துல இருக்கா? ஆறாவது விதி."

மேனேஜருடைய சிரிப்பு முதல் தடவையாக ஒரு பக்கம் இறங்கியது. "உங்களுக்கு விதியெல்லாம் யார் சொன்னது?"

"மீன் சொல்லிச்சு. தாளைக் காட்டுங்க சார்."

"இருக்கு மேடம். ஃபைல்ல இருக்கு. ரெகார்ட் ரூம்ல எடுக்கணும். நாளைக்குத் தர்றேன்."

ஏற்கெனவே எழுதின தாளை எடுக்க எதற்கு ஒரு நாள் என்று செக்கரக்கா கேட்கவில்லை. மறுநாள் பெட்டியில் போக வேண்டிய சட்டையை இன்றைக்கு ராத்திரி தைப்பவர்களை அவளுக்குப் பதினேழு வருஷமாகத் தெரியும். வெளியே வந்து ஒன்பதாவது விதிக்குப் போன் போட்டாள். கடைசி இலக்கம் மூன்று என்று போட்டபோது ஒரு முடிதிருத்தும் கடை எடுத்தது. எட்டு என்று போட்டபோது ஒரு களைத்த குரல், "விசாரணை அதிகாரி" என்றது.

மாவட்டத்தில் சட்டத்துக்கு இருந்த கை கால் எல்லாம் அந்த ஒரு அம்மாள்தான். அலுவலக வண்டி இல்லை, உதவியாளர் இல்லை. வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பஸ்ஸில் வந்து இறங்கி, குடையை மடக்கி, ரப்பர் செருப்போடு கூடத்துக்குள் நுழைந்தார். செக்யூரிட்டி அவரை வெளிநோயாளி வரிசையில் உட்காரச் சொன்னார். அடையாள அட்டையைப் பார்த்த பிறகு குளிர்சாதன அறைக்குக் கூட்டிப்போனார்கள்.

நீள மேசை. ஒரு பக்கம் அதிகாரியம்மா. எதிரே மேனேஜர். இந்தப் பக்கம் செக்கரக்கா, துணிப்பையோடு கொழுந்தன். வீட்டுக்காரரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வலது கையில் இன்னும் பிளாஸ்திரி, இடது கை போர்வைக்குள். மணி பன்னிரண்டாகப் போகிறது என்று கொழுந்தன் அண்ணியின் காதில் சொன்னான். நாலு மணிக்கு வட்டிக்காரர். "தாளக் காட்டிட்டாங்கன்னா கையெழுத்துப் போட்டுடலாம் அண்ணி, என்ன?" அவள் தலையாட்டினாள். வேறு வழி அவளுக்கும் தெரியவில்லை.

மேனேஜர் ஒரு தாளை, வெற்றிலைத்தட்டு நீட்டுகிற மரியாதையோடு, மேசையில் தள்ளினார்.

அதிகாரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். "சிறப்பு வலை பொருத்துவதற்கு நோயாளி முழு மனதுடன் சம்மதிக்கிறார். வலது கையில் நரம்பு ஊசி இருந்ததால் கையெழுத்திட இயலவில்லை. எனவே இடது பெருவிரல் ரேகை பெறப்பட்டது. சாட்சிகள் இருவர்." அதற்குக் கீழே நீல மையில் ஒரு ரேகை. சுருள் சுருளாக, ஒரு கோடு கலையாமல், அச்சுக்கூடத்தில் போட்டதுபோல் அழகாக இருந்தது.

செக்கரக்கா ரேகையை இன்னொரு தடவை பார்த்தாள். குறையைக் கண்டதும் கத்துவது கற்றுக்குட்டி வேலை. கட்டு முழுதாகப் புரளட்டும் என்று காத்திருந்தாள்.

"இந்த ரேகை வாங்கினப்ப யார் இருந்தாங்க?" என்றார் அதிகாரியம்மா.

"நானே இருந்தேன் மேடம்" என்றார் மேனேஜர். "முதல் சாட்சி நான்தான்."

"வலது கை முடியவே முடியாதா?"

"அசைக்கவே கூடாதுன்னு நர்ஸ் சொல்லிட்டாங்க. அதான் இடது. அவர் விரலைப் பிடிச்சு மையில வச்சு, தாள்ல அழுத்தினதே நான்தான் மேடம். இந்தக் கையால."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"நேத்து நடந்த மாதிரி இருக்கு மேடம்."

அதில் மட்டும் பொய் இல்லை என்று செக்கரக்காவுக்குத் தோன்றியது. கைப்பையைத் திறந்து ஒரு அம்பை உரித்தாள். மேசைக்குக் குறுக்கே சாய்ந்து, அந்த நீல ரேகைக்குப் பக்கத்தில், கோணாமல் ஒட்டினாள்.

"இதுல என்னம்மா குறை?" என்றார் அதிகாரியம்மா.

"என்னங்க" என்றாள் செக்கரக்கா, "கையை எடுத்து மேசை மேல வைங்க."

அவர் போர்வையை விலக்கி இடது கையை எடுத்து மேசையில் வைத்தார். நாலு விரல்.

கொழுந்தன் வாயைப் பொத்திக்கொண்டான். மேனேஜர் அந்தக் கையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். நிரந்தரச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனாலும் அவர் லேசில் விடுகிறவர் இல்லை. ஃபைலைப் புரட்டி இன்னொரு தாளை எடுத்தார்.

"மேடம், இது எங்க சேர்க்கைப் படிவம். 'அங்கக் குறைபாடு' என்ற இடத்துல 'இல்லை'ன்னு இருக்கு பாருங்க. ஆவணப்படி, உள்ள வரும்போது சாருக்கு விரல் இருந்திருக்கு."

படிவத்தை அதிகாரியம்மா வாங்கிப் பார்த்தார். அதை நிரப்பின மகராசி தலையைத் தூக்காமல் எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்றே எழுதியிருந்தாள். ஒவ்வாமை இல்லை. சர்க்கரை இல்லை. தொலைபேசி இல்லை. முகவரி இல்லை.

செக்கரக்கா எழுந்துவிட்டாள். இந்த இடத்தில் அவளாலும் சத்தம் போடாமல் இருக்க முடியவில்லை.

"வரும்போது இருந்துதா? அப்ப உள்ள வந்தப்புறம் நீங்கதான் எடுத்தீங்களா? எடுத்திருந்தா பில்லு எங்க சார்? கையுறைக்குப் போட்டீங்க, ஆணி மாட்டின செவுத்துக்குப் போட்டீங்க, ஆறுதல் சொன்னதுக்குப் போட்டீங்க. ஒரு விரலையே எடுத்திருக்கீங்க, அதுக்கு மட்டும் எப்படி விட்டுட்டீங்க? சிஸ்டத்துல வரலையா?"

அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உதடு துடித்ததை மறைக்கத்தான் துடைத்தார். ஆனால் போட்டுக்கொண்டபோது முகம் கவலையாகிவிட்டது.

"எனக்குப் புரியுதும்மா. ஆனா நாளைக்கு இவங்க மேல்முறையீடு போவாங்க. 'கண்ணால பாத்தேன்'னு எழுதினா நிக்காது. அவங்ககிட்ட விரல் இருந்துதுன்னு ஒரு தாள் இருக்கு. விரல் முன்னாடியே இல்லன்னு உங்ககிட்ட எதாவது தாள் இருக்கா? கம்பெனி நஷ்ட ஈடு கொடுத்த கடிதம், எதாவது?"

அந்தக் கடிதம் எப்போதோ மழையில் ஊறிப் போய்விட்டது. ஐந்து பேர் பார்க்க மேசை மேல் கிடக்கிற கையில் விரல் இல்லை என்பதற்குத் தாள் வேண்டும். மணி பன்னிரண்டரை. எல்லாம் தெரிந்தும் தோற்பது என்பது தெரியாமல் தோற்பதைவிட நூறு மடங்கு வலிக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோது, கொழுந்தன் இருமினான்.

"அண்ணி... இதுல... பத்திரத்துல ரேகை வைப்பாங்கல்ல?"

துணிப்பையின் முடிச்சை அவிழ்த்தான். வட்டிக்காரருக்கு என்று கொண்டுவந்த பத்திரத்தைப் பிரித்து, பக்கங்களைப் புரட்டி, கடைசியில் விரலை வைத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெரிய மனிதர் எதிரில் குரலை உயர்த்திப் படித்தான்:

"வாங்குபவருக்கு இடது பெருவிரல் இல்லாதபடியால் வலது பெருவிரல் ரேகை பெறப்பட்டது."

சிவப்பு மையில் பதிவாளர் எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்தியிருந்தார். தேதி பதினெட்டு வருஷத்துக்கு முந்தியது. அந்த அலுவலகத்தில் அன்றைக்கு ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்.

அதிகாரியம்மா பத்திரத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு ஒப்புதல் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, அந்த அழகான ரேகையைப் பார்த்தார்.

"விரல் இவரோடது இல்ல. அது தீர்ந்துது. அப்ப யாரோடது?" என்றவர், மேனேஜர் பக்கம் திரும்பினார். "சார், உங்க கைய கொஞ்சம் மேல வைங்க."

மேனேஜர் இரண்டு கையையும் மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டார்.

அன்று மூன்றரை மணிக்கு வீட்டுக்காரர் வெளியே வந்தார். வலையும் அதன் பரிவாரமும் பில்லிலிருந்து போயிற்று. பிடித்துவைத்த நாட்களின் வாடகை போயிற்று. நியாயமான மிச்சம் என்று அதிகாரியம்மா எழுதின பதினோராயிரத்தைச் செக்கரக்கா அங்கேயே கட்டி ரசீது வாங்கினாள். ரசீதையும் படித்தாள். ஃபைலை அதிகாரியம்மா குடையோடு சேர்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினார். போகும் முன், தொட்டியை நகர்த்திப் பலகையை முன்னால் வைக்க வேண்டும் என்று ஒரு உத்தரவும் எழுதிக்கொடுத்தார். வலை உள்ளே இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு நாள் கழித்து அரசு ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனில் வலை, நூல், கயிறு எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் வேனிலிருந்து அண்ணனை இறக்கி வீட்டுக்குள் கொண்டுவந்து விட்ட கொழுந்தன் பத்திரத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். சாவியை அண்ணியிடமே கொடுத்தான். அவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு வழக்கம்போல், "உக்காருடா, பாத்து உக்காரு. என் கட்டைவிரல் வாங்கின வீடு" என்றார்.

"ரெண்டு தடவை வாங்கின வீடு" என்றாள் செக்கரக்கா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். பத்தொன்பது வருஷத்துச் சிரிப்பும் சேர்ந்து வந்ததால் நிறுத்த முடியாமல், கடைசியில் அது அழுகையாகித்தான் நின்றது.

அடுத்த வாரம் தையல் பிரிக்கப் போனார்கள். சட்டம் உண்மையிலேயே வெளியே வந்திருந்தது. கூடத்தின் நடுவில், பளிச்சென்று, மேலே ஒரு விளக்கோடு. மீன்கள் ஒரு மூலையில் அனாதையாக நீந்திக்கொண்டிருந்தன. கவுண்டரில் புதிதாக ஒரு மேனேஜர் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் நீட்டின பில்லைச் செக்கரக்கா கீழிருந்து படித்தாள். கடைசி வரி: "நோயாளர் உரிமைப் பலகை இடமாற்றம், விளக்கு, பராமரிப்பு: இரண்டாயிரத்து நானூறு."

"நீங்க அந்த மீன்தொட்டிப் பக்கம் போய் உக்காருங்க" என்றாள் வீட்டுக்காரரிடம், கைப்பையைத் திறந்தபடி. "கொஞ்ச நேரம் ஆகும்."